ஆப்பர்ச்சூனிட்டி கார்டிலிருந்து ப்ளூ கார்டுக்கு: மிட்ராண்ட் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

ஜோகன்னஸ்பர்க்குக்குப் பக்கத்து மிட்ராண்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 33. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. படித்தவர், சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் எட்டு வருட அனுபவம். கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் என்ற தென்னாப்பிரிக்க வேலை விசாவில் நான்கு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. மனைவியும் நான்கு வயது மகளும் உடன் இருக்கிறார்கள். ஜெர்மன் மொழியின் முதல் படியான ஏ1 பாஸ் செய்துவிட்டார். வேலை தேடுவதற்காக ஜெர்மனி தரும் ஆப்பர்ச்சூனிட்டி கார்டில் போய், வேலை கிடைத்ததும் அங்கேயே பட்டதாரி வேலைக்கான ப்ளூ கார்டு அனுமதிக்கு மாறலாமா, இல்லை திரும்பி வந்து புது விசா போட வேண்டுமா? இங்குள்ள வேலையை எப்போது விடுவது? குடும்பத்தைக் கையோடு கூட்டிப் போகலாமா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அங்கேயே மாறலாம், நாட்டை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. அந்த அட்டையே அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தம்பி, உங்கள் மூன்று கேள்விகளில் சிக்கல் இல்லாதது அது ஒன்றுதான். மற்ற இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. அவற்றின் முடிச்சு ஜெர்மனியில் இல்லை, தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் எப்படி இதைச் சொல்லத் துணிந்தேன் என்றால், 2018-ல் இதே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பழைய வேலை தேடும் விசாவில் போனவன் நான். அப்போது ஆப்பர்ச்சூனிட்டி கார்டு கிடையாது. ஆறு மாத விசா, அந்த ஆறு மாதத்தில் ஒரு மணி நேரம்கூட சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. ஆறாவது மாதம் வேலை கிடைத்தது, பிறகு ப்ளூ கார்டும் கிடைத்தது. சில வருடம் அங்கே இருந்துவிட்டு, அதே கம்பெனியின் ஆப்பிரிக்க வேலைக்காக இங்கே திரும்பிவிட்டேன். அதிலிருந்து மெல்ரோஸ் முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஜெர்மனி பேச்சை எடுக்காமல் இருப்பதில்லை.

2024 ஜூன் 1 முதல் பழைய ஆறு மாத விசாவின் இடத்துக்கு ஆப்பர்ச்சூனிட்டி கார்டு வந்தது. ஜெர்மன்காரர்கள் ஷான்சன்கார்ட்டே என்பார்கள். ஒரு வருடம் வரை தரப்படும். அந்த ஒரு வருடத்தில் வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம் எந்த வேலையும் பகுதி நேரமாகச் செய்யலாம், ஹோட்டலில் தட்டு கழுவினாலும் சரி. அது போக, உங்கள் துறையில் ஒரு கம்பெனி உங்களைச் சோதித்துப் பார்க்க நினைத்தால், ஒரு கம்பெனிக்கு அதிகபட்சம் இரண்டு வாரம் என்று முழு நேர வெள்ளோட்டமும் பார்க்கலாம். என் காலத்தில் இது இருந்திருந்தால் நான் இரண்டு மாதம் முன்னாலேயே வேலையில் சேர்ந்திருப்பேன். நேர்காணலில் தடுமாறுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கையில் வேலையைக் கொடுத்தால் நிரூபித்துவிடுவார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு வாரம் பெரிய வாய்ப்பு.

இனி ஒரு கசப்பான கேள்வி. உங்களுக்கு இந்த அட்டை தேவையா?

வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால், தென்னாப்பிரிக்காவிலிருந்தே நேராக ப்ளூ கார்டு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அப்படிப் போகிறவருக்கு மாற்றம் என்ற பிரச்சினையே எழாது. முதல் நாளே வேலையில் சேரலாம், குடும்பத்தின் விசாவையும் கூடவே போடலாம். சாஃப்ட்வேர் துறையில் முதல் இரண்டு சுற்று நேர்காணல் எப்படியும் வீடியோவில்தான் நடக்கும். ஜோகன்னஸ்பர்க்குக்கும் பெர்லினுக்கும் குளிர்காலத்தில் ஒரு மணி நேர வித்தியாசம், அவர்களுடைய கோடையில் அதுவும் இல்லை. இந்தியாவில் உட்கார்ந்து தேடுகிறவருக்கு இல்லாத வசதி இது. எனவே என் தீர்ப்பு: வேலையில் இருந்துகொண்டே இங்கிருந்து ஆறு மாதம் தேடுங்கள். எழுதும் விண்ணப்பங்களுக்குப் பதிலே வராமல் போனால் அட்டையை எடுக்காதீர்கள். கடைசிச் சுற்றுவரை போய் 'நேரில் இருந்தால் பேசலாம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அப்போது அட்டையை எடுங்கள். முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் பயோடேட்டாவும் மொழியும்தான், அதை அட்டை சரிசெய்யாது. இரண்டாவது வகைக்குத்தான் அட்டை மருந்து.

சரி, அட்டைதான் என்று முடிவானால் முதல் வேலை அனாபின். ஜெர்மன் அரசின் இந்தத் தரவுத்தளத்தில் உலகப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு, தங்கள் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு 'இல்லை' என்று பதறுவது. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். அதன் எதிரே எச் பிளஸ் என்று இருக்க வேண்டும். அது பாதிக் கிணறுதான். உங்கள் பட்டத்துக்கான தனிப் பக்கத்தில் 'ஒத்தது' அல்லது 'சமமானது' என்ற பொருளுடைய ஜெர்மன் சொல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'நிபந்தனையோடு ஒப்பிடத்தக்கது' என்று இருந்தால் அது போதாது. இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு ஒரு முறை, அங்கே போய் மாற்றும்போது இன்னொரு முறை கேட்பார்கள். பட்டம் தெளிவாக இல்லையென்றால் ஜெட்.ஏ.பி. என்ற அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். அதை இங்கிருக்கும்போதே வாங்குவது நல்லது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், ஒப்பந்தம் கையில் வந்த பிறகு ஒரு தாளுக்காகக் காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பி.இ. இரண்டு பக்கத்திலும் தேறிவிட்டால் நீங்கள் முழுத் தகுதி பெற்ற திறன் பணியாளர். புள்ளிக் கணக்கே பார்க்க வேண்டாம். தேறாவிட்டால் ஆறு புள்ளி வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 35 வயதைத் தாண்டாததால் இரண்டு, கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவத்துக்கு மூன்று, ஐ.டி. ஆள் பற்றாக்குறைத் துறை என்பதால் ஒன்று. ஆறு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் சி1 சான்றிதழ் எடுத்தால் இன்னொன்று, ஜெர்மன் ஏ2-க்கு ஒன்று, பி1-க்கு இரண்டு. உங்கள் ஏ1-க்குப் புள்ளி இல்லை, அது வாசலைத் தாண்டுவதற்கான நிபந்தனை மட்டும். ஆறில் ஆறு என்று விளிம்பில் நிற்காதீர்கள். அனுபவக் கடிதத்தில் ஒரு தேதி பிசகினாலும் மூன்று புள்ளி போய்விடும். பார்க்வுட்டில் இருக்கும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் ஏ2-வையும் முடித்துவிடுங்கள். அந்த ஒரு புள்ளியை விடுங்கள், அங்கே போய் வீட்டுக்காரரிடம் பேசவாவது வேண்டாமா?

பணம். 2025 கணக்கில் மாதத்துக்கு 1,091 யூரோ காட்ட வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு 13,092 யூரோ. பெரும்பாலோர் பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கக் கணக்கில் போடுகிறார்கள், மாதா மாதம் ஒரு பங்குதான் எடுக்க முடியும். ஒரு யூரோ 20 ரேண்ட் என்று வைத்தால் இரண்டரை லட்சம் ரேண்டுக்கு மேல். இந்தத் தொகையைத் தென்னாப்பிரிக்க வங்கி எடுத்த எடுப்பில் அனுப்பிவிடாது. சம்பளச் சீட்டு, விசா நகல், பணம் வந்த வழி என்று கேட்டு இழுக்கும். விசா நேரத்துக்கு ஒரு மாதம் முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். பகுதி நேர வேலைக்கான ஒப்பந்தம் முன்கூட்டியே கிடைத்தால் அதையும் வருமானச் சான்றாகக் காட்டலாம். ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி 2026 முதல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி என்றால் பிடித்தத்துக்கு முன் மாதம் சுமார் 1,200. தனி ஆள் ஒட்டிக்கொள்ளலாம், மியூனிக்கில் முடியாது.

போய் இறங்கியதும் முகவரிப் பதிவு. இது இல்லாமல் அங்கே நீங்கள் ஆளே இல்லை. வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். குறுகிய கால அறைகள் பலவற்றில் அதைத் தர மாட்டார்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பதிவு செய்த ஊரின் வெளிநாட்டினர் அலுவலகம்தான் உங்கள் விசாவை மாற்றித் தரும். ஒரு ஊரில் பதிந்து, வேலை இன்னொரு ஊரில் கிடைத்து, அங்கே முகவரியை மாற்றினால் உங்கள் கோப்பும் பின்னாலேயே பயணம் செய்ய வேண்டும். அது உங்களைப் போல ரயிலில் போகாது. அதனால் எந்த ஊரில் தேடப் போகிறீர்களோ அங்கேயே இறங்குங்கள். மாமா பையன் இருக்கிறான், வாடகை மிச்சம் என்று முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்க வேண்டாம்.

இப்போது ஒப்பந்தம். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும், இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும்.

ப்ளூ கார்டுக்கு வருடச் சம்பள வரம்பு உண்டு. 2026-ல் பொதுவாக 50,700 யூரோ. பற்றாக்குறைத் துறைகளுக்கும், பட்டம் முடித்து மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும் 45,934.20. ஐ.டி., இன்ஜினியரிங், மருத்துவம் எல்லாம் இரண்டாவது வரிசையில் வரும். ஆண்டுதோறும் ஜனவரியில் இந்த எண் மாறும். 2025-ல் 48,300-ம் 43,759.80-ம் ஆக இருந்தது. டிசம்பரில் கையெழுத்துப் போட்டு ஜனவரியில் விண்ணப்பித்தால் புது எண்ணுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் நிலையான மொத்தச் சம்பளமாக எழுதியிருப்பதுதான் கணக்கு. நன்றாக வேலை செய்தால் போனஸ் தருகிறோம் என்ற வரியைச் சேர்த்து வரம்பைத் தொடுவதாக நினைக்காதீர்கள். ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் புரொபேஷன் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே எல்லோருக்கும் அப்படித்தான்.

இன்னொரு பொறி உண்டு. குறைந்த வரம்பில் போகிறவர்களுக்கு ஜெர்மன் வேலைவாய்ப்பு அமைப்பின் ஒப்புதல் தேவை. உங்களை வேலைக்கு எடுத்து வேறொரு கம்பெனிக்கு வாடகைக்கு விடும் ஏஜென்சியின் ஒப்பந்தமாக இருந்தால் அந்த ஒப்புதல் மறுக்கப்படும், சட்டமே அப்படி. ஐ.டி.யில் கன்சல்டிங் என்ற பெயரில் இது நிறைய நடக்கிறது. 50,700-க்கு மேல் சம்பளம் இருந்தால் அந்த ஒப்புதலே தேவைப்படாது. ஆக, ஏஜென்சி ஒப்பந்தம் 46,000-ல் வந்தால் அந்த ஐயாயிரத்துக்காக வாதாடுங்கள். அது வெறும் காசு மட்டும் இல்லை, உங்கள் விசா.

சம்பளம் எட்டவில்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. பட்டம் உள்ள திறன் பணியாளருக்கான சாதாரண அனுமதி ஒன்று இருக்கிறது. அதற்கு ப்ளூ கார்டைப் போன்ற சம்பள வரம்பு கிடையாது, அந்த ஊரில் அந்த வேலைக்குக் கொடுக்கும் சம்பளமாக இருந்தால் போதும். 45 வயதைத் தாண்டி முதல் முறை போகிறவர்களுக்கு மட்டும் தனி வரம்பு, 2026-ல் 55,770 யூரோ. இரண்டுக்கும் வித்தியாசம் நிரந்தர வசிப்பில்தான் பெரிதாகத் தெரியும். ப்ளூ கார்டில் ஜெர்மன் பி1 இருந்தால் 21 மாதம், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம். சாதாரண அனுமதியில் மூன்று வருடம். பட்டம் அனாபினில் தேறாத ஐ.டி. ஆட்களுக்கு ஒரு தனிக் கதவும் உண்டு. கடந்த ஏழு வருடத்தில் மூன்று வருடம் பட்டதாரி நிலையிலான அனுபவம் இருந்து, சம்பளமும் குறைந்த வரம்பைத் தொட்டால் பட்டமே இல்லாமல் ப்ளூ கார்டு. எந்தக் கதவிலும் நுழைய முடியாமல், ஆனால் கையில் தகுதியான வேலை ஒப்பந்தம் இருந்தால், ஆப்பர்ச்சூனிட்டி கார்டையே இரண்டு வருடம் வரை நீட்டித் தர வழி இருக்கிறது. அதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து ஆனதும் வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பம். பாஸ்போர்ட், புகைப்படம், ஒப்பந்தம், கம்பெனி நிரப்பித் தரும் வேலை விவரப் படிவம், அனாபின் தாள்கள், முகவரிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டுச் சான்று. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். நீங்கள் இங்கிருந்து எடுத்துப் போகும் பயணக் காப்பீடு தேடும் காலத்துக்கு மட்டும்தான். வேலைக்கான அனுமதிக்கு அங்குள்ள காப்பீட்டு நிறுவனத்தின் உறுப்பினர் சான்று வேண்டும். ஒப்பந்தத்தைக் காட்டினால் தருவார்கள். கட்டணம் 100 யூரோ.

இப்போது என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கு ஒப்பந்தம் வந்தது விசா முடிய மூன்று வாரம் இருக்கும்போது. அந்த ஊரின் பெயர் வேண்டாம். அலுவலகத்தில் கிடைத்த முதல் நேரம் விசா முடிந்து ஒரு மாதம் கழித்து. நான் செய்த ஒரே நல்ல காரியம், விசா முடிவதற்கு முன்பே முழு விண்ணப்பத்தையும் எழுத்தில் அனுப்பி, கிடைத்த பதிலைப் பத்திரப்படுத்தியது. காலாவதிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் கருதும். அதற்கு ஒரு இடைக்காலச் சான்றும் தருவார்கள், நம் ஆட்கள் அதைச் சுருக்கமாக ஃபிக்ஷன் என்பார்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, அப்பாடா என்று மறுநாளே வேலைக்குப் போய் நின்றேன். கம்பெனியின் அலுவலகப் பெண்மணி அதைப் படித்துவிட்டு என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

காரணம் எளிது. தொடர்வது பழைய அனுமதி. என் பழைய அனுமதியில் வேலை செய்யும் உரிமை இல்லை. ஆகவே தங்கலாம், உழைக்கக் கூடாது. ஏழு வாரம் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த பணம் கரைந்து, கடைசி வாரங்களில் அரிசியும் முட்டையுமாக ஓட்டினேன்.

உங்களுக்கும் இதே கணக்குதான், ஆனால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. உங்கள் பழைய அனுமதியில் வாரம் 20 மணி நேரம் இருக்கிறது, இடைக்காலத்தில் அது தொடரும். இப்போது சட்டத்தில் இன்னொரு வசதியும் சேர்ந்திருக்கிறது. அலுவலகம் உங்களுக்கு ப்ளூ கார்டு தர முடிவுசெய்து, அட்டையை அச்சிட ஏற்பாடு செய்துவிட்டால், அட்டை கைக்கு வரும் முன்பே அந்த வேலையைத் தொடங்கலாம். ஆனால் அது உங்கள் இடைக்காலச் சான்றில் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை பற்றிய வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த மேசையிலேயே படியுங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். கம்பெனியிடம் தொடங்கும் தேதியை 'அனுமதி கிடைத்த பின்' என்று எழுதச் சொல்லுங்கள். ஒன்றாம் தேதி என்று கறாராகப் போட்டுவிட்டால், தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பாளி போல ஆகிவிடும்.

விசா முடிய நான்கு மாதம் இருக்கும்போது ஒப்பந்தம் கையில் இருந்தால் இந்த நாடகமே நடக்காது. எனவே ஒரு வருட அட்டையை எட்டு மாத அட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலையை எப்போது விடுவது என்ற கேள்வி. நான் முதலில் சொன்ன முடிச்சு இது. உங்கள் மனைவியும் மகளும் தென்னாப்பிரிக்காவில் இருப்பது உங்கள் வேலை விசாவை அண்டித்தான். நீங்கள் ராஜினாமா செய்துவிட்டுப் போனால், அவர்கள் இங்கே தங்குவதற்கான அடிப்படையே ஆட்டம் காணும். 'நான் முதலில் போகிறேன், நீங்கள் மிட்ராண்டிலேயே இருங்கள், மகள் பள்ளியை முடிக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாடகைக்குக் கவலைப்படுவார்கள், இதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள். அதோடு, ஜெர்மன் குடும்ப விசாவுக்கு ஒருவர் தாம் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே அவர்களின் வசிப்பு அடிபட்டுவிட்டால் பிரிட்டோரியா தூதரகத்தில் விண்ணப்பம் போட முடியாது, ஊருக்குப் போய்ச் சென்னையில் புது வரிசையில் நிற்க வேண்டும்.

ஆகவே அட்டையில் போவதென்றால் இரண்டே வழி எனக்குத் தெரிகிறது. ஒன்று, உங்கள் கம்பெனி சம்பளமில்லா நீண்ட விடுப்பு தருமா என்று கேட்டுப் பார்ப்பது. கேட்பதில் வெட்கம் இல்லை, தென்னாப்பிரிக்கக் கம்பெனிகளில் சில மாதம் வரை கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு, ராஜினாமா செய்வதானால் குடும்பத்தை முதலில் ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து அவர்கள் விண்ணப்பிக்கும்படி திட்டமிடுவது. கையோடு கூட்டிப் போவது எனக்குச் சம்மதமில்லை. தேடும் காலத்தில் மூன்று பேருக்கும் செலவுப் பணம், வீடு, காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். பிறகு ப்ளூ கார்டு வந்துவிட்டால் எல்லாம் இலகு. மனைவிக்கு ஜெர்மன் மொழிச் சான்று கேட்க மாட்டார்கள், வந்த நாளிலிருந்து அவரும் வேலை பார்க்கலாம்.

இன்னொன்று. இங்கே உங்களுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது. வேலை விசாவில் ஐந்து வருடம் நிறைந்து, நிரந்தர வேலையும் இருந்தால் தென்னாப்பிரிக்க நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கும் தகுதி வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவருக்குத் திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்கும், மூன்று வருடத்துக்கு மேல் நாட்டில் இல்லாவிட்டால் அது பறிபோகலாம் என்பது தவிர. முடிவு வர நாளாகும் என்பதும் உண்மை. நானாக இருந்தால் அந்த ஐந்தாவது வருடத்தை இங்கிருந்தே வேலை தேடும் வருடமாக ஆக்கிக்கொள்வேன். உங்கள் ஓய்வூதிய நிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை: வேலை விசாவில் வந்து, விசா முடிந்து நாட்டை விட்டுப் போகிறவருக்கான விதி தனி, வரிக் கணக்கில் இங்கே வசிப்பவர் என்ற நிலையை விட்டுப் போகிறவர் மூன்று வருடம் காத்திருக்கும் விதி தனி. போகும் முன் நிதியின் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதைப் படிக்கும் டர்பன் சொந்தங்களுக்காகவும் சிலது. 1860-ல் ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வம்சத்தினர் இன்று சாட்ஸ்வொர்த்திலிருந்தும் மெரிபாங்கிலிருந்தும் ஃபிட்டராக, எலக்ட்ரீஷியனாக, பாய்லர்மேக்கராக வெளிநாடு போகப் பார்க்கிறார்கள். பட்டம் இல்லாவிட்டாலும் இந்த அட்டை அவர்களுக்கும் உண்டு. தென்னாப்பிரிக்க அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டு வருடத் தொழிற்பயிற்சி இருக்க வேண்டும். அந்தத் தகுதிக்கு ஜெர்மனியில் பகுதி அங்கீகாரம் கிடைத்தால் மட்டுமே நான்கு புள்ளி. ரெட் சீல் என்ற தொழில் தேர்ச்சிச் சான்றை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றி, பயிற்சிக் கால ஆவணங்களோடு சேர்த்து வைக்கட்டும். அங்கீகாரத்துக்கு அந்தப் பாடத்திட்ட விவரங்களைத்தான் கேட்பார்கள்.

தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டைப் பற்றிய பழைய பயத்தையும் விட்டுவிடலாம். அனுமதி வாங்காமல் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தக் குடியுரிமை தானாகப் போய்விடும் என்றிருந்த சட்டப் பிரிவை அரசியல் சாசன நீதிமன்றம் 2025 மே 6 அன்று செல்லாது என்று அறிவித்துவிட்டது, 1995 அக்டோபர் முதலே செல்லாது என்று. ஜெர்மனியும் 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. தம்பி, நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை, இந்திய பாஸ்போர்ட் ஒன்றோடுதான் நிற்க வேண்டும்.

ப்ளூ கார்டு வந்த பிறகு முதல் பன்னிரண்டு மாதத்தில் கம்பெனி மாறினால் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 30 நாள் நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம். அதற்குப் பிறகு அந்தத் தொல்லையும் இல்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு அட்டைக்கும் வேலைக்கும் உத்தரவாதம் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். மேலே சொன்ன எந்தப் படியிலும் அவர்களால் செய்யக்கூடியது, நீங்களே நிரப்பக்கூடிய படிவத்தை நிரப்புவது மட்டும்தான். அந்தப் பணத்தை ஏ2 வகுப்புக்குக் கட்டுங்கள்.

ஒப்பந்த வரைவு வந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்குக் காட்டுங்கள். சம்பளத்தைச் சொல்லும் வரி, தொடங்கும் தேதி, நீங்கள் உண்மையில் யாருக்கு வேலை செய்யப் போகிறீர்கள் என்ற வரி, இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெல்ரோஸ் கோயிலில்தான் இருப்பேன், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து பெஞ்ச்.